தோல் ஒட்டு: ஒரு சொல்லின் நிறையும் குறையும்

மூக்கறுபட்ட ஒரு மனிதனின் கதையை நீங்கள் எங்கேனும் படித்திருப்பீர்கள். அவன் பெயர் கவாஸ்ஜி. ஆங்கிலேயரின் படையில் மாட்டு வண்டி ஓட்டி வந்தவன். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமலே இருந்த அவனுக்கு, பூனாவுக்கு அருகே செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைக் கொண்டே புதிய மூக்கு ஒன்றை அமைத்துக் கொடுத்தார். தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபின்ட்லே என்னும் இரு ஆங்கில மருத்துவர்கள் இதை நேரில் கண்டனர். 1794 அக்டோபரில் இலண்டனில் வெளியான ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ இதழில் படத்துடன் செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்பியூ என்ற மருத்துவர் 1814இல் அதே முறையை இங்கிலாந்தில் செய்து காட்டினார்.

நம் தமிழ் அறிவியல் கட்டுரைகளில் தோல் ஒட்டு பற்றிய பேச்சு வந்தால் பெரும்பாலும் இக்கதையும் வரும். இதற்கு முன்னால் சுசுருதர் வருவார். கன்னத் தோலை இலையால் அளவெடுத்து மூக்கின் மேல் திருப்பி வைக்கும் முறையை அவருடைய நூல் சொல்வதை எடுத்துக்காட்டி, “தோல் ஒட்டுச் சிகிச்சை பிறந்தது நம் நாட்டில்” என்று கட்டுரை பெருமிதத்தோடு முடியும். நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான். ஆகையால் இனி நான் சொல்லப்போகும் குறை எனக்கும் சேர்த்தே.

கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அறிவியல் எழுத்து என்ற முறையில் பார்த்தால் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது, சுசுருதர் சொன்னதும் பூனா வைத்தியர் செய்ததும் தோல் ஒட்டு அன்று. இரண்டாவது, கட்டுரை மூக்கோடு நின்றுவிடுகிறது. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் தோலை இடம் மாற்றி வைப்பது பெரும்பாலும் மூக்குக்காக அன்று. தீப்பட்ட உடலுக்காகவும் நசுங்கிய கால்களுக்காகவுமே. அக்கால்களில் குழந்தைகளின் கால்களும் உண்டு. அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சென்ற ஐந்தாறு வயதுக் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடுகிறது. இதைப் பற்றி எழுத ஏனோ நமக்குக் கை வருவதில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை போலும்!

முதல் இடறல் வெறும் சொற்குற்றம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு சொல் தவறான படத்தை மனத்தில் எழுப்பினால் அதன் விலையை ஒரு குழந்தையின் கால் கொடுக்க நேரிடும். அதைக் காட்டவே இக்கட்டுரை.

தோட்டக்காரரைக் கேளுங்கள்

‘ஒட்டு’ என்பது தோட்டக்காரரின் சொல். தமிழில் மட்டுமன்று, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்கூட மருத்துவர்கள் இச்சொல்லைத் தோட்டத்திலிருந்துதான் கடன் வாங்கினார்கள். ஆகவே முதலில் தோட்டத்துக்கே போவோம்.

பழனி மலைகளில் பேரியும் பிளம்ஸும் பயிரிடுவோரை நீங்கள் பார்த்திருக்கலாம். கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. ஒட்டுக் கட்டுவது இம்மலை மக்களுக்குப் பழகிய வேலை. வேரூன்றி நிற்கும் ஒரு செடியின் தண்டைச் சீவி, நல்ல சாதி மரத்திலிருந்து வெட்டிய குச்சியை அதில் பொருத்திக் கட்டுவார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள மெல்லிய பச்சைப் படலம் இரண்டிலும் ஒன்றையொன்று தொட வேண்டும், தொட்டால்தான் பிடிக்கும். குச்சி தாய்மரத்தை விட்டு முழுவதும் பிரிந்து வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பதியம் போடுவது வேறு. கொப்பை மரத்திலிருந்து வெட்டாமலே ஓரிடத்தில் பட்டையைச் சீவி, ஈரமண்ணோ பாசியோ வைத்துக் கட்டுகிறோம். அல்லது வளைத்து மண்ணில் புதைக்கிறோம். புது வேர் விடும்வரை கொப்புக்குத் தாய்மரமே சாறு ஊட்டுகிறது. வேர் பிடித்த பிறகுதான் தொடர்பை அறுக்கிறோம்.

தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் கவாஸ்ஜியின் கதையைச் சொன்னேன். நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி மூக்கில் வைத்தார்கள். ஆனால் புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு வார் மட்டும் அறுபடாமல் விட்டார்கள். ஏறக்குறைய 25ஆம் நாள் அந்த வாரையும் அறுத்தார்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “அது பதியமுல்ல சார்! ஒட்டுன்னா முதல்லயே வெட்டிக் கொண்டாந்துரணுமே” என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்த நூலிலும் நான் படித்ததில்லை. பூனா வைத்தியர் போட்டது பதியம். சுசுருதர் சொன்னதும் பதியமே. தாயிடத்திலிருந்து இரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே தோலை நகர்த்துவது ஒரு கலை. தோலை முற்றாக வெட்டியெடுத்து, இரத்தத் தொடர்பே இல்லாத நிலையில் வேறோரிடத்தில் வைத்து வாழவைப்பது இன்னொரு கலை. இரண்டாவதைப் புண்ணின் மேல் வைத்து மருத்துவ உலகை நம்பச் செய்தவர் ஜாக் லூயி ரெவர்டின். சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர் 1869இல் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் மிகச் சிறிய மேல்தோல் துணுக்குகளைச் சிவந்து கிடந்த ஒரு புண்ணின் மேல் வைத்தார். அவை வாழ்ந்தன; பரவின. பின்னர் ஒல்லியேவும் (1872) தீர்ஷும் (1874, 1886) பெரிய தகடுகளாகத் தோலை எடுக்கக் கற்றுத் தந்தனர். நாம் ‘தோல் ஒட்டு’ என்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டின் பெருமை இதனால் குறையப் போவதில்லை. பதியம் போடுவதே கடினமான கலை. ஆனால் இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எந்தப் புண்ணுக்கு எது வேண்டும் என்ற கேள்வியே படிப்பவர் மனத்தில் எழாது.

சக்கரத்தில் சிக்கிய குதிகால்

இனிக் காலுக்கு வருவோம். எங்கள் உறவுக்காரச் சிறுமி ஒருத்தி. அப்போது அவளுக்கு வயது 6. பண்ணைக்காட்டிலிருந்து கீழே இறங்கும் பாதையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கால் மிதிப்படிக்கு எட்டாது. தூக்கம் வந்திருக்க வேண்டும். வலக்கால் சக்கரத்துக்குள் போய்விட்டது. குதிகாலின் பின்புறத் தோல் கணுக்காலிலிருந்து உரிந்து, பாதி சீவிய மாங்காய்த் தோலைப்போலக் கீழே தொங்கியது. யாரோ ஒருவர் காப்பித்தூளை அள்ளி அப்பினார். காப்பி விளையும் மலை; தூளுக்குப் பஞ்சமில்லை. அடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு சிறு மருத்துவமனையில், தொங்கிய தோலை மேலே இழுத்து வைத்துச் சுற்றிலும் தையல் போட்டார்கள். தையல் மிக நேர்த்தியாக இருந்தது என்று அவளுடைய பாட்டி இன்றும் சொல்வார். ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது தோல் கறுத்துப்போயிருந்தது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டுச் சாதாரண சைக்கிளின் பின் சக்கரத்தில் 40 கம்பிகள். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் என்னும் மெதுவான வேகத்திலேயே சக்கரம் ஒரு நொடியில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றும். அதாவது நொடிக்கு 60 கம்பிகள் அந்தக் காலைக் கடக்கும்! மோட்டார் சைக்கிளின் வேகம் இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

1969இல் ஐசன்ட் முதலிய மூன்று அமெரிக்க மருத்துவர்கள் சைக்கிள் கம்பிகளால் குழந்தைகளின் காலுக்கு நேரும் காயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பிலேயே இதைக் குறைத்து மதிப்பிடப்பட்ட ‘சிறு’ காயம் என்று குறித்தார்கள். இங்கே மூன்று கேடுகள் ஒருங்கே நிகழ்கின்றன என்பது அவர்கள் கருத்து. கம்பி கத்தியைப்போல் வெட்டுகிறது. கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே கால் நசுங்குகிறது. இரண்டும் சேர்ந்து தோலை அடித்தசையிலிருந்து இழுத்து உரிக்கின்றன. வெட்டுக் கண்ணுக்குத் தெரியும். நசுங்கலும் உரிதலும் முதல் நாள் தெரியா. தோல் உரியும்போது அதற்கு அடியிலிருந்து இரத்தம் கொண்டுவந்த நுண்குழாய்கள் அறுந்துபோகின்றன. முழுத் தோலும் கண்முன்னே இருக்கிறது. நிறமும் முதலில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு ஊட்டம் வரும் வழி மட்டும் இல்லை.

‘ஒட்டு’ என்ற சொல்லின் தீமை இங்கேதான். கிழிந்த துணியையும் உடைந்த பானையையும் ஒட்டுகிறோம். “தோல் அப்படியே இருக்கிறதே, இழுத்து ஒட்டிவிட்டால் போதாதா?” என்று நமக்குத் தோன்றுகிறது. பெற்றோரும் அதைத்தான் விரும்புகிறார்கள். முழுத்தோலையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரைக் கொடியவராக நினைக்கிறார்கள். ஆனால் உரிந்து தொங்கும் தோல் பதியமாக வாழ வேண்டுமானால் தொங்கும் முனையின் வழியே போதிய இரத்தம் வர வேண்டும். குதிகாலில் கீழே தொங்கும் தோலுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. அதை இறுக்கித் தைத்தால் இருக்கிற குழாய்களும் நசுங்கும்.

அப்படியானால் அந்தத் தோலைக் குப்பையில் போடுவதா? வேண்டியதில்லை. கனடாவின் டொரண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஃபார்மர் என்ற அறுவை மருத்துவர் 1939இலேயே இதற்கு ஒரு வழி எழுதி வைத்தார். பதியமாக வாழாத தோலை ஒட்டாக மாற்றிவிடு என்பதே அந்த வழி. உரிந்த தோலின் அடியிலுள்ள கொழுப்பையெல்லாம் சீவி நீக்கி, தோலை மட்டும் மெல்லிய தகடாக்கி, சுத்தம் செய்த புண்ணின் மேல் திரும்ப வைப்பது. கொழுப்பு இடையில் இருந்தால் அடியிலிருந்து ஊறும் நீர் தோலை எட்டாது, நீக்கினால் எட்டும். நசுங்காத தோலாக இருந்தால் அது பிழைக்கும். நம் சிறுமியின் தோல் எவ்வளவு நசுங்கியிருந்தது என்பதை இப்போது சொல்ல முடியாது. ஆனால் ‘ஒட்டு வேறு, பதியம் வேறு’ என்ற ஒரே அறிவுதான் அந்த உபாயத்தின் உயிர் என்பதை மறவாதீர்கள்.

நாற்றங்கால்

ஒட்டு எப்படிப் பிடிக்கிறது? இங்கே தோட்டக்காரரின் ஒட்டைவிட உழவரின் நாற்று நடவே பொருத்தமான உவமை என்று நான் சொல்வேன். மரத்தில் ஒட்டுக் கட்டும்போது படலத்தோடு படலம் பொருந்த வேண்டும். தோலில் அப்படிப் பொருத்த எதுவும் இல்லை. மெல்லிய தோல் தகட்டை ஒரு படுகையின் மேல் விரிக்கிறோம், அவ்வளவே. முதல் 2 நாட்கள் அது படுகையில் ஊறும் நீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன்பின் படுகையின் நுண்குழாய்களும் தோலின் குழாய்களும் வாயோடு வாய் சேர்கின்றன. புதிய குழாய்களும் உள்ளே வளர்கின்றன. 5 முதல் 7 நாட்களில் வெளிறிக் கிடந்த தோல் இளஞ்சிவப்பாகிறது. டாக்டர்கள் பெரும்பாலும் ஐந்தாம் நாள்வரை கட்டைப் பிரிக்காமல் இருப்பதன் காரணம் இதுதான். கால் அசையாதபடி மாவுக்கட்டுத் தொட்டில் போடுவதும் இதற்காகவே. நட்ட நாற்றைத் தினமும் பிடுங்கிப் பார்த்தால் வேர் பிடிக்குமா?

தகட்டுக்கும் படுகைக்கும் இடையே இரத்தம் கட்டினால் நீர் எட்டாது. தோல் நழுவினால் இளங்குழாய்கள் அறும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி புண்ணில் இருந்தால் நேற்றுப் பிடித்த ஒட்டு நாளையே கரைந்துபோகும். எல்லாவற்றிலும் பெரியது படுகைதான். சேற்றில் நாற்று பிடிக்கும், பாறையில் பிடிக்குமா? சதையின் மேல் தோல் பிடிக்கும். எலும்பின் மேலுள்ள உறையின் மேலும் பிடிக்கும். உறை உரிந்த வெற்றெலும்பின் மேலும், மேலுறை போன தசைநாணின் மேலும் பிடிப்பதில்லை.

குதிகாலில் இதுவே பெரிய இடர். கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தடித்த நாண் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. தோலும் போய், நாணின் மேலுறையும் போய்விட்டால் அங்கே ஒட்டு உதவாது, பதியமே வேண்டும். பழைய நாட்களில் ஒரு காலின் பதியத்தை மறு காலிலிருந்து எடுப்பார்கள். இரு கால்களையும் சேர்த்துக் கட்டி ஏறக்குறைய 3 வாரம் அப்படியே கிடக்க வேண்டும். பிறகு நடுவே உள்ள தொடர்பை வெட்டுவார்கள். 1854இல் ஃபிராங்க் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் செய்த முறை இது. குழந்தையை அப்படிக் கிடத்துவது எளிதா? 1970களில் நுண்ணோக்கியின் துணையால் நுண்குழாய்களைத் தைக்கும் கலை வளர்ந்த பிறகு, தோலைத் துண்டாக வெட்டியெடுத்து அதன் குழாயைக் காலின் குழாயோடு நேரே இணைக்க முடிந்தது. கெண்டைக்காலின் பின்புறத் தோலை அதன் குழாயோடு சேர்த்துக் குதிகாலுக்குத் திருப்பும் முறையும் உண்டு.

நம் சிறுமிக்கு மதுரையில் இரண்டும் தேவைப்பட்டன. கறுத்த தோலை நீக்கியபோது நாணின் ஒரு பகுதி வெளியே தெரிந்தது. அந்த இடத்துக்குக் கெண்டைக்கால் பதியம்; மற்ற இடத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய ஒட்டு. தொடையில் எடுத்த இடம் இரண்டே வாரத்தில் தானாக ஆறிவிட்டது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. எடுத்த தகட்டின் கனம் ஏறக்குறைய 0.3 மி.மீ. மட்டுமே. மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் தோலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. அவற்றின் சுவர்களிலிருந்தே புதிய மேல்தோல் முளைக்கிறது. அறுத்த புல் அடிக்கட்டையிலிருந்து தழைப்பதைப் போல.

சொல் சரியாகப் பொருந்தும் இடம்

‘ஒட்டு’ என்ற சொல்லை முழுவதும் தள்ளிவிடச் சொல்கிறேனா? இல்லை. ஓரிடத்தில் அது மிக அழகாகப் பொருந்துகிறது. காட்டுச் செடியின் வேரில் பேரியை ஒட்டினாலும் காய்ப்பது பேரிக்காய்தான். ஒட்டிய குச்சி தன் சாதியை விடுவதில்லை. தோலும் அப்படியே. தொடைத் தோலை உள்ளங்காலில் வைத்தால் அது தொடைத் தோலாகவே பெரும்பாலும் இருக்கும்.

உள்ளங்கால் தோல் எத்தகையது என்பதை அறியக் கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் செருப்பணியாத வழக்கம் உள்ள ஊர் அது. நெடுங்காலம் வண்டிச் சாலை எட்டாத ஊரும்கூட. கல்லிலும் முள்ளிலும் அம்மக்களைத் தாங்கும் தோலின் மேற்படலம், கண்ணிமையில் 0.05 மி.மீ. அளவே உள்ள அதே படலம்தான், உள்ளங்காலில் 1.5 மி.மீ.வரை தடிக்கிறது. அதற்கு அடியில் குதிகாலில் கொழுப்பு, தேன்கூட்டின் அறைகளைப் போன்ற நார்ச்சுவர்களுக்குள் அடைபட்டு, மெத்தையாக நிற்கிறது. இந்த மெத்தையை உடலில் வேறெங்கிருந்தும் எடுத்துவர முடியாது. ஆகவே ஒட்டிய பாதம் மெல்லியது, உணர்ச்சி குறைந்தது, வியர்க்காது, எண்ணெய் தடவாவிட்டால் வெடிக்கும். முள் குத்தினால் குழந்தைக்குத் தெரியாமலே போகலாம். அதற்குச் செருப்பு அழகுக்கன்று, உயிருக்கு.

சொல் பொய்க்கும் இடங்கள் இன்னும் இரண்டு. மரத்தில் ஒரு மரத்தின் குச்சி இன்னொரு மரத்தில் பிடிக்கும். மனிதரிலோ இரட்டைப் பிறவிகளில் ஒரே கருவிலிருந்து பிறந்தோரைத் தவிர வேறு எவருடைய தோலும் நிலைக்காது. 1870இல் இலண்டனில் ஜார்ஜ் பொல்லாக் என்பவர் தீப்புண்பட்ட ஒரு சிறுமிக்கு அவளுடைய தோலோடு தம் தோலிலிருந்தும் துணுக்குகள் எடுத்து வைத்தார். அவள் தோல் நின்றது. அவர் தோல் சில நாட்களில் மறைந்தது. ஏன் என்பது 1943இல் கிப்சனும் மெடாவரும் செய்த ஆய்வில்தான் துலங்கத் தொடங்கியது. அதே கொடையாளியின் தோலை இரண்டாம் முறை வைத்தபோது அது முன்னைவிட விரைவில் அழிந்தது. உடல் பிறரை நினைவில் வைத்துக்கொள்கிறது! மெடாவருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. “என் தோலை எடுத்துப் பிள்ளைக்கு வையுங்கள்” என்று அழும் தாயிடம் டாக்டர் மறுப்பது இரக்கமின்மையால் அன்று. மூக்கின் கதைக்குப் பதிலாக இந்தக் கதையை நம் இதழ்கள் சொல்லியிருந்தால் எத்தனையோ தாய்மாருக்குப் பயன்பட்டிருக்கும்.

அடுத்தது, மரத்தில் ஒட்டு மரத்தோடு வளர்கிறது. குழந்தையின் காலில் அப்படியன்று. மெல்லிய ஒட்டு சுருங்கும் இயல்புடையது; அதன் ஓரத்துத் தழும்பு எலும்பு வளரும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. கணுக்காலின் குறுக்கே தழும்பு இருந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது பாதத்தை ஒரு பக்கம் இழுக்கும். ஆறு வயதில் ‘ஆறிவிட்ட’ கால் பத்து வயதில் கோணலாகலாம். பெரியவருக்கு ஒட்டுப் பிடித்த நாளில் சிகிச்சை ஏறக்குறைய முடிகிறது. குழந்தைக்கு வளர்ச்சி நிற்கும்வரை முடிவதில்லை. இறுக்கமான மீள்தன்மைக் காலுறை, தழும்பைத் தேய்த்துவிடுதல், கணுக்காலை நீட்டி மடக்கும் பயிற்சி, வேண்டுமானால் இடையில் மீண்டும் ஓர் அறுவை. கட்டுப் பிரித்த அன்றே ‘சரியாய்ப் போச்சு’ என்று மலையேறிவிடும் குடும்பங்களே மிகுதி. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் யார் தருவார் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

மலைப்பாதையும் முதல் மணிநேரமும்

கொடைக்கானலிலிருந்து மதுரை சாலை வழியே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டுவரை வளைவும் நெளிவுமான இறக்கம். கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உண்டு; அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த டாக்டர் வான் ஆலனின் பெயரைத் தாங்கிய பழைய மருத்துவமனையும் உண்டு. தேனியிலும், 2022 முதல் திண்டுக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவு உள்ளது. எப்படியும் மலைமேல் காயம்பட்ட குழந்தை பல மணிநேரம் பயணப்பட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிக் காலை இழுக்காதீர்கள். கம்பியை வெட்டியோ சக்கரத்தைக் கழற்றியோ விடுவியுங்கள். ஓடும் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, இரத்தம் வருமிடத்தைக் கையால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மை எதுவும் வேண்டாம். நாற்றங்காலில் தூளைக் கொட்டினால் பின்னால் அதைச் சுரண்டி எடுக்கவே நல்ல சதையும் போய்விடும். தொங்கும் தோலை வெட்டாதீர்கள். தனியே பிய்ந்து விழுந்த தோலையும் எறியாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். தோல் நேராகப் பனிக்கட்டியில் படக்கூடாது. தோல் ஒட்டாகத் திரும்பவும் பயன்படலாம். டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் பார்க்கும் டாக்டரிடம், “இந்தத் தோலுக்கு இரத்தம் வருகிறதா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. எதற்காக? பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க. கடைக்காரர்கள் இதைப் ‘புடவைக் காப்பு’ என்றே சொல்கிறார்கள். பெண்கள் ஒருபக்கமாக உட்காரும் இடப்புறத்தில் அதை மாட்டுகிறார்கள். குழந்தையோ இருபுறமும் கால் போட்டு உட்காருகிறது. வலப்புறச் சக்கரம் திறந்தே கிடக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்த விதி, 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும் என்கிறது. நல்ல விதிதான், ஆனால் தலையைக் காக்க எண்ணியவர்களுக்குக் கால் நினைவுக்கு வரவில்லை. வலப்புறமும் ஒரு கம்பிவலை மாட்ட ஒரு பட்டறையில் அரை நாள் வேலை. நம் சிறுமியின் தந்தை மாட்டிக்கொண்டார், பிறகு.

அவளுக்கு இப்போது 11 வயது. தொடைத் தோல் இருக்குமிடம் சற்று வெளிறி, நுண்ணிய வலைக்கோடுகளோடு தெரிகிறது. தோலில் கீறலிட்டு விரித்துப் பதித்ததன் அடையாளம் அது. கெண்டைக்காலிலிருந்து வந்த பகுதி கொஞ்சம் புடைத்திருப்பதால் கடையில் விற்கும் பூட்ஸ் அவளுக்குப் பொருந்துவதில்லை. இரவில் தேங்காய் எண்ணெய் தடவுவது பாட்டியின் வேலை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவளுடைய இரு பாதங்களையும் ஒரே தாளில் வைத்துப் பென்சிலால் கோடிட்டு, தேதி போட்டு, டாக்டரிடம் கொண்டுபோகிறார்கள். சென்ற ஆண்டுத் தாளில் வலப்பாதம் இடப்பாதத்தைவிட 6 மி.மீ. குட்டையாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டிலும் 6 மி.மீ.தான்.